கால்நடைக் கட்டத்தில் நான்கு உருப்படி

ஒருவன் ஏழையா இல்லையா என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுக்குள் போய் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் அரசாங்கம் நடத்திப் பழகாதவர்கள். புதுச்சேரியில் இதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. குடும்ப வளநிலை மறுஆய்வு அலுவலகம் என்று பெயர். அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பலகையில் எழுதி மாட்டியதில் முன்வாசல் பாதி மறைந்துபோய், சனங்கள் பக்கத்துச் சந்து வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் நிஜமாகவே ஏழைகள்தானா, இல்லை, மஞ்சள் கார்டுக்குப் போக வேண்டியவர்கள் ஏழை வேஷம் போட்டுக்கொண்டு சிவப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை.

இப்படி ஓர் அலுவலகம் இருப்பது அஸ்ஃபியாவுக்கு முப்பத்தொன்பது வயதுவரை தெரியாது. முதலியார்பேட்டையில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். வீட்டிலிருந்தபடியே பிளவுஸுக்கு ஆரி வேலை செய்துகொடுப்பாள். புருஷன் ஜாகிர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் விற்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி நின்றுபோயின. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, உள்ளே திரும்பி வரும். சிவப்பு கார்டுக்கு அது இலவசம். அந்தக் கார்டு இருக்கிறவரைக்கும் ஜாகிர் இருப்பான் என்பதை டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார். அஸ்ஃபியா இப்படித்தான் புரிந்துகொண்டாள். அவள் புரிந்துகொண்டதில் தப்பில்லை.

விளையாட்டு அட்டைகள் அவர்களிடம் வந்தது ஜோசெத் அம்மாள் வீட்டிலிருந்து. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மகன் லூக்கா பிரான்சில் லியோன் நகரத்தில் நிலைத்துவிட்டான் என்று வீட்டை விற்றுவிட்டு அவளும் கிளம்பினாள். லூக்கா சின்ன வயதில் படித்த படக்கதைப் புத்தகங்களோடு, பிஸ்கட் டப்பாக்களில் அடைத்து வைத்திருந்த விளையாட்டு அட்டைகளையும் ஜாகிரிடம் எடைக்குப் போட்டாள். கடல் ராச்சியங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஏதோ ஒரு பிரெஞ்சு ஆட்டம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், அதன் பலம், கீழே மூலையில் ஒரு சின்னக் குறி. நட்சத்திரம் என்றால் அபூர்வம், சாய்சதுரம் என்றால் நடுத்தரம், வட்டம் என்றால் சாதாரணம். நட்சத்திரம் போட்டவை வெள்ளி பூசி மின்னும். ஜாகிர் அவற்றை முதல் ஞாயிறே சந்தையில் பரப்பி அட்டை பத்து ரூபாய் என்று பிள்ளைகளுக்கு விற்றான். ஒரு கை அளவு மீந்தது. வட்டம் போட்டவை ஆறு டப்பா நிறைய அப்படியே கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

மெஷினில் படுத்திருக்கும்போது ஒரு கை ஊசியில் மாட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கை சும்மா இருக்கும். அந்தக் கையில் போனை வைத்துக்கொண்டு ஜாகிர் அந்த ஆட்டத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தான். பிரெஞ்சில் இருப்பதைப் போனே அரைகுறைத் தமிழில் மாற்றிக் கொடுத்தது. பத்து வாரத்தில் அவன் அதில் பெரிய ஆளாகிவிட்டான். ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் படுக்காமல் டப்பாக்களை எல்லாம் பாயில் கவிழ்த்தான்.

"பளபளப்ப எல்லாரும் உறை போட்டுப் பத்திரமா வச்சிட்டாங்க அஸ்ஃபி. அதனால அது ஊர்பட்டது கெடக்குது. வட்டத்த எவன் பாத்தான்? தரையில தேச்சி, சைக்கிள் சக்கரத்துல சொருகி, மடிச்சி ஒழிச்சிட்டானுங்க. இப்ப மடங்காத வட்டத்துக்குத்தான் ஆளுங்க அலையறாங்க" என்றான்.

எல்லா வட்டமும் இல்லை. முதல் தடவை அச்சடித்ததாக இருக்க வேண்டும்; அதில் ஓரக் கோடு மயிரிழை அளவுதான் இருக்கும். மூலை வெள்ளையாகியிருக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் தேடுகிற அட்டையாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது ஆயிரத்தில் ஒன்று. ஊசிமுனையில் மணி கோத்துப் பழகிய கண் அஸ்ஃபியாவுக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அவள் தள்ளத் தள்ள, அவன் போனில் ஒப்பிட்டுக்கொண்டே வந்தான். நாலு நாள் ஆனது. கடைசியில் தேறியது ஒரே படம், நாலு பிரதி. உப்புக்கூடைக்காரி. தலையில் கூடையோடு களைத்துப்போய் நிற்கிற ஒரு பெண். பலம் ஒன்று. எந்தப் போர்வீரனும் ஊதினால் விழுந்துவிடுவாள். ஆனால் ஆட்டத்தில் செத்து வெளியேறிய ஓர் ஆளை அவள் திரும்பக் கைக்குக் கூட்டிவருவாள். அதனால் ஆடுகிறவன் ஒவ்வொருவனுக்கும் அவள் நாலு பேர் தேவைப்பட்டாள்.

லியோனில் ஒரு வியாபாரிக்குப் படம் அனுப்பினான். அவர் உடனே விலை சொன்னார். நாலும் சேர்ந்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஜாகிருக்கு அதில் ஒரே ஆசைதான். கீழ்வீடு பார்த்துப் போக வேண்டும். மாடிக்கு இருபத்திரண்டு படி, அவன் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவன். தபாலில் அனுப்ப அளவான உறை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

உறை வாங்குவதற்குள் சந்தையில் பக்கத்துக் கடைக்காரன் வாயைத் திறந்துவிட்டான். யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். "குப்பையில் கிடைத்த கோடி" என்று தலைப்பு வைத்தார்கள். ஜாகிர் அதில் லட்சம் என்றுதான் சொன்னான். தலைப்பு வைக்கிறவனுக்கு லட்சமெல்லாம் ஒரு தொகையா? ஒன்பதாம் நாள் மறுஆய்வு அலுவலர் பலராமன் இரண்டு ஆட்களோடு மாடி ஏறி வந்தார்.

பலராமன் நல்ல மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. லஞ்சம் வாங்க மாட்டார். அதனாலேயே அவரிடம் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. பாயில் உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லி நின்றுகொண்டே ஒன்பதாம் எண் படிவத்தை எடுத்தார். அட்டைகளைக் காட்டச் சொன்னார். மீந்து கிடந்த வெள்ளி அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கைக்குட்டை விரித்து அதன்மேல் வைத்தார். இதெல்லாம் பெரிய பொருள்தான் என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

இங்கேதான் ஜாகிர் வாயைக் கொடுத்துக் கெட்டான். பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பத்து ரூபாய் அட்டைகளைச் சீல் வைத்து எடுத்துக்கொண்டு அவர் போயிருப்பார். ஆனால் பத்து வாரம் ஊசியோடு படுத்துக்கொண்டு கற்ற வித்தையை ஒருவர் இப்படித் தப்பாகப் பேசியது அவனுக்குப் பொறுக்கவில்லை. அது ஒண்ணுமில்ல சார், வட்டம் போட்ட இதுதான் சார் என்று நாலு உப்புக்கூடைக்காரிகளையும் எடுத்து, ஓரக்கோட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினான். அஸ்ஃபியா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். பலராமன் முழுவதையும் கேட்டுக்கொண்டு, தாங்களே முன்வந்து தெரிவித்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

படிவத்தில் நிலம், வீடு, வாகனம், நகை, கால்நடை என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. முன்பு 'இதர' என்று ஆறாவது கட்டம் ஒன்று இருந்தது. அதில் சனங்கள் கண்டதையும் எழுதுகிறார்கள் என்று போன வருஷம் சுற்றறிக்கை விட்டு அதை எடுத்துவிட்டார்கள். பலராமன் யோசித்தார். நிலமில்லை, வீடில்லை, ஓடாது, போட்டுக்கொள்ள முடியாது. படத்தில் உயிருள்ள உருவம் இருக்கிறது. கால்நடைக் கட்டத்தில் எழுதினார். எண்ணிக்கை நான்கு. பால்: பெண். வயது: அச்சிட்ட வருஷத்தை வைத்து இருபத்தைந்து. கறவை: இல்லை.

மதிப்பு தெரிகிறவரை பொருள் அலுவலகக் காவலில் இருக்கும், விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. மதிப்பு தெரிகிறவரை சிவப்பு கார்டும் நிறுத்திவைக்கப்படும். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் கீழே ஜாகிரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தான்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது பட்டியலில் அவன் பெயர் இல்லை. நர்ஸ் கலைவாணி மூன்று தடவை தேடிப் பார்த்தாள். பணம் கட்டினால் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லும்போது அவள் அஸ்ஃபியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜமாஅத்தில் சொல்லி வாரத்துக்கு ஒரு தடவைக்கு ஏற்பாடு ஆயிற்று. மூன்று தடவை வேண்டிய உடம்பு ஒரு தடவையில் என்ன செய்யும்? கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. தண்ணீரை மூடியில் அளந்து குடித்தான்.

பக்கத்து நாற்காலியில் கொளஞ்சி என்று ஒருவர் படுத்திருப்பார். கனகசெட்டிக்குளத்துக்காரர், கடலுக்குப் போனவர். செத்துப்போன தம்பியின் படகு இன்னும் இவர் பெயரில் இருந்ததால் மஞ்சள் கார்டு. படகு உடைந்து மணலில் கிடக்கிறது, அது வேறு விஷயம். இவரும் காசு கட்டி வாரம் ஒரு தடவைதான். அவர் ஜாகிரிடம் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் தாகம் ஒரு மணி நேரம் அடங்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

அஸ்ஃபியா அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். கோப்பு கால்நடை மருத்துவரிடம் போயிருக்கிறது என்றார்கள். கால்நடைக்கு மதிப்புப் போட வேறு யாருக்கும் அதிகாரமில்லை. அந்த டாக்டர் சின்னப் பையன்; முதல் கடிதத்துக்குச் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாராம். இரண்டாவது கடிதத்தில் பணி விதிகளை மேற்கோள் காட்டிய பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, நான்கையும் பரிசோதித்ததில் தொற்றுநோய் அறிகுறி ஏதும் காணப்படவில்லை, மதிப்பு நிர்ணயிக்க நிபுணர் குழு தேவை என்று எழுதி அனுப்பினார். அதற்கு இரண்டு வாரம் போயிற்று.

மூன்றாவது வாரம் பலராமன் அவளை உட்காரவைத்துப் பேசினார். அவளுக்காக நேரம் ஒதுக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் மூச்சு விடவே சிரமப்படுகிறார், குழு எப்போது வேண்டுமானாலும் கூடட்டும், கார்டை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள் என்று அவள் கேட்டாள்.

"ஏழ்மைங்கறது ஒரு தகுதிம்மா" என்றார் பலராமன். "அது தகுதியில்லாதவங்க கையில போயிடக் கூடாது. அதக் காப்பாத்தத்தான் நாங்க உக்காந்திருக்கோம். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் வெளியாளு கையால ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. என் கையெழுத்தால ஒருத்தருக்குக்கூட தப்பா ஒண்ணும் கெடச்சதில்ல. சரியா எத்தன பேருக்குக் கெடச்சதுன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு ரெஜிஸ்டர் கெடையாது."

அட்டையையாவது கொடுங்கள், விற்று வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். காவலில் உள்ள பொருளை விற்க முடியாது என்றார். அப்படியானால் அது எங்களுடையது இல்லை என்று எழுதிக்கொண்டு சிவப்பு கார்டைக் கொடுங்கள் என்றாள். உங்களுடையதாக இருப்பதால்தானே கார்டை நிறுத்தினோம் என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு அது தெளிவாக இருந்தது. அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு முறை பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்டாள். அதற்கு விதியில் இடம் இருந்தது.

எழுத்தர் சிந்துஜா கோப்பைக் கொண்டுவந்து விரித்தாள். அஸ்ஃபியாவுக்கு முதலில் அது தங்கள் அட்டை என்றே தெரியவில்லை. நாலு அட்டைக்கும் இடது மூலையில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, காகிதங்களோடு சேர்த்து டேக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. உப்புக்கூடையின் மேல் வட்டமாக ஊதா நிறத்தில் அலுவலக முத்திரை. அந்தப் பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே பச்சை மையில் பலராமனின் கையெழுத்தும் தேதியும். அட்டையை மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு குற்றச்சாட்டு வரக் கூடாதல்லவா? இப்போது இவற்றை உலகத்தில் எவனும் மாற்ற முடியாது. சிந்துஜாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. போனில் எடுத்துவந்த படத்தை ஜாகிரிடம் காட்டினாள். அவன் பெரிதாக்கி ஓட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். லியோன்காரருக்கு அனுப்பினான். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: வருந்துகிறேன், இதற்கு மதிப்பில்லை. ஜாகிர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இருபத்தைந்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பிஸ்கட் டப்பாவில் இருந்த அட்டை. அவன் தோள் குலுங்கியது. அஸ்ஃபியா அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பலராமனைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னாள்.

"வுடு" என்றான் ஜாகிர் கொஞ்ச நேரம் கழித்து. "இதுவும் நல்லதுக்குத்தான். இப்ப நெசமாவே ஒண்ணுமில்லாத அட்டதான அது. கமிட்டியில கேட்டா, சாதாரண வட்டம், வெலையே கெடையாதுன்னு சொல்லிடு. கார்டு வந்துடும்." வட்டத்துக்கு விலை கிடையாது என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

நாலாவது வாரம் குழு கூடியது. தலைவராகப் பலராமனின் மேலதிகாரி. பிரெஞ்சு தெரிந்த நிபுணராக முசியே ஜூல் என்று மரியாதையாகக் கூப்பிடப்படுகிற ஓய்வுபெற்ற வாத்தியார். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அட்டை ஆட்டம் எதுவும் அவர் ஆடியதில்லை, ஆனால் அட்டையில் இருந்த மொழி அவருக்குத் தெரியும், அது போதும் என்று குழு தீர்மானித்திருந்தது. அட்டை டப்பாவோடு வந்த ஆட்ட விதிப் புத்தகத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். வட்டம் என்றால் சாதாரணம், மிக அதிகமாக அச்சிடப்பட்டது, வுவாலா, அவ்வளவுதான், இதில் ஆராய ஒன்றுமில்லை என்றார். அஸ்ஃபியாவும் ஆமாம் சார், இப்போது ஒன்றும் பெறாது என்றாள். காரியம் முடிந்தது என்று அவள் மூச்சு விட்டபோது மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப ஒண்ணும் பெறாதுன்னா, முன்ன பெறுமா? நடுவுல என்ன ஆச்சி?"

கோப்பு மேஜைமேல் திறந்து கிடந்தது. ஓட்டைகள் நாலும் எல்லோருக்கும் தெரிந்தன. பலராமன் தன் கையெழுத்தைப் பார்த்தார். சிந்துஜா குறிப்பெடுப்பதை நிறுத்தினாள். அஸ்ஃபியா வாயைத் திறக்கப் போனாள். திறந்தால் என்னவாகும் என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

பலராமன்தான் எழுந்தார். முன்பு மதிப்பு இருந்து இப்போது இல்லை என்றால் அரசு அலுவலகம் ஒரு குடிமகனின் சொத்தை அழித்ததாக ஆகும், அப்படி ஒன்று இந்த அலுவலக வரலாற்றில் நடந்ததில்லை, ஆகவே இந்தப் பொருளுக்கு எப்போதுமே மதிப்பு இருந்ததில்லை என்று அவர் விளக்கினார். எப்போதுமே மதிப்பு இல்லாததால் கார்டு நிறுத்தப்பட்டதே நடக்காததாகக் கருதி, முதல் தேதியிலிருந்தே திருப்பித் தர வேண்டும் என்றார். குழுவுக்கு மிகவும் பிடித்திருந்தது. முசியே ஜூல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அஸ்ஃபியா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். நாளைக்கே கார்டு வந்துவிடும் என்று ஜாகிரிடம் சொன்னாள். அவன் வீங்கிய முகத்தோடு சிரித்தான்.

உத்தரவு மூன்று மொழியிலும் வர வேண்டும். தமிழ் அன்றைக்கே தயாரானது, ஆங்கிலம் மறுவாரம். பிரெஞ்சுப் பிரதியை முசியே ஜூல்தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மகள் அலெக்சாந்த்ராவைப் பார்க்க பிரான்சுக்குக் கிளம்பிப்போய்விட்டார். ஒரு மாசம் இருந்துவிட்டு வருவார். இரண்டு மொழியோடு கொடுத்தால் என்ன என்று அஸ்ஃபியா கேட்டாள். ஒரு மொழிக்கு அநீதி செய்யச் சொல்கிறீர்களா என்று பலராமன் வருத்தத்தோடு கேட்டார்.

கார்டு நின்ற ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில், ஜாகிர் நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறினான். அஸ்ஃபியாவும் கீழ்வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்து அவனைத் தூக்கி இறக்கினார்கள். பதினோராவது படியில் அவன் கை அவள் கையை விட்டது. அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். இருபத்தோரு முறை நடந்திருக்க வேண்டிய டயாலிசிஸ் அவனுக்கு ஏழு முறைதான் நடந்திருந்தது.

அஸ்ஃபியா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அன்னிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவளுக்கு வெளியே போக வேலையும் இல்லை. பதினாறாம் நாள் பலராமன் வந்தார். அறைவாசலில் திரை போட்டிருந்ததால் வெளியே நின்றபடியே பேசினார். உத்தரவை நேரில் கொடுக்கும் படத்துக்காக ஒரு போட்டோகிராபரும் வந்திருந்தார். திரையைப் படம் எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நமக்குச் சாதகமா வந்திருக்கும்மா" என்றார் பலராமன். "முதல் தேதியிலேருந்து சிவப்பு. விட்டுப்போன பதினாலு முறையும் இப்ப எடுத்துக்கலாம். வர புதன்கிழமையிலேருந்து நாற்காலி அவரு பேருல ஒதுக்கியாச்சி. நான் தனிப்பட்ட முறையில போராடி வாங்கினது இது."

திரைக்கு உள்ளே இருந்து அஸ்ஃபியா சொன்னாள்: "அவரு மவுத்தாயி பதினாறு நாளாவுது சார்."

"தெரியும்மா. ரொம்ப வருத்தம். ஆனா பேரு இன்னும் கார்டுல இருக்கு. பேரு இருக்கறவரைக்கும் அவருக்குண்டான உரிமைய யாராலயும் பறிக்க முடியாது."

அந்தப் பதினாலு முறையை வேறு ஒருத்தருக்குக் கொடுக்கலாமா, வாரம் ஒரு தடவைதான் போட்டுக்கொள்ள முடிகிற ஒருத்தர் இருக்கிறார் என்று கேட்டாள். பலராமன் பதறிப்போனார். அது கைமாற்ற முடியாத சலுகை, அப்படிச் செய்தால் திருட்டு என்றார்.

"அப்ப யாருக்கும் இல்லாம சும்மா போனா?"

"சும்மா போகலாம்மா" என்றார் பலராமன். குரலில் நிம்மதி தெரிந்தது. "அதுக்கு விதியில எடம் இருக்கு. மூணு முறை பேர் கூப்புடுவாங்க. வரலன்னா நாலு மணி நேரம் நாற்காலியக் காலியா வச்சிருப்பாங்க. வேற யாரும் உக்கார முடியாது. நீங்க கவலப்படாதீங்க."

அவர் போன பிறகு அஸ்ஃபியா கொளஞ்சிக்குப் போன் செய்து, புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. கீழ்வீட்டுப் பெண்மணி இத்தாவில் இருப்பவள் வாசற்படி தாண்டினால் பாவம் என்று தடுத்துப் பார்த்தாள். அதை அல்லாஹ்விடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அஸ்ஃபியா புர்கா போட்டுக்கொண்டு இறங்கினாள்.

டயாலிசிஸ் அறை வாசல் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி சுவரில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டிப் போட்டு, வாயில் ஐஸ் துண்டோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கலைவாணி அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாவது பெயருக்கு வந்ததும் நின்றாள். அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தாமல் ஜாகிர் என்று கூப்பிட்டாள். கொஞ்சம் விட்டு, இன்னும் மெதுவாக, ஜாகிர் என்றாள்.

"வந்திருக்காரு" என்றாள் அஸ்ஃபியா.

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். அஸ்ஃபியா கொளஞ்சியின் முன்னால் போய் நின்றாள். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சுருங்கி, இன்னா பாயம்மா இது, வேணாம், பாயோட எடம் அது என்று எழ மறுத்தார்.

"எந்திரிங்கண்ணா. பேரு சொல்லிக் கூப்புடுறாங்கல்ல."

கொளஞ்சி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கலைவாணி அவரையும் பார்த்தாள், பட்டியலையும் பார்த்தாள். பிறகு ஜாகிர் என்ற பெயருக்கு நேரே 'வந்தார்' என்று எழுதிவிட்டு, உள்ளே போங்க என்றாள்.

கதவு மூடியதும் அஸ்ஃபியா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவளுக்கு இப்படி அழுகை வரவில்லை. இன்னும் பதிமூன்று முறை இந்தக் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி அவன் பெயரைக் கூப்பிடுவாள், ஒருவர் எழுந்து உள்ளே போவார். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கூப்பிட யாருக்கும் வேலை இருக்காது.